செவ்வாயின் தனியலையும் நம் பிள்ளைகளின் இயற்பியலும்

2015 பிப்ரவரி 9, திங்கள்கிழமை. அன்று நாசாவின் மேவன் விண்கலம் செவ்வாய் கிரகத்தை ஐந்து முறை சுற்றியது. அந்த ஐந்து சுற்றுகளில் அதிலிருந்த ஒரு கருவி ஏறத்தாழ 450 சின்னஞ்சிறு மின் துடிப்புகளைப் பதிவு செய்தது. ஒவ்வொரு துடிப்பும் நீடித்தது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். நவி மும்பையில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்னாளில் அந்தப் பதிவைப் பிரித்துப் படித்தார்கள். செவ்வாயின் காந்தச் சூழலில் ‘தனியலைகள்’ உண்டு என்பதற்கான முதல் சான்று இது என்று 2022இல் அறிவித்தார்கள்.

தலித் பகுதியில் செவ்வாய் கிரகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், விடுதிச் சாப்பாடு, வராத உதவித்தொகை என்றே இங்கே பேசி வந்திருக்கிறோம். அவை எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஒவ்வோர் ஆண்டும் நம் தெருக்களில் ஒன்று நடக்கிறது. கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையிடம்கூட, “அந்த குரூப் உனக்குக் கஷ்டம், வேறு எடு” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் சில நேரம் ஆசிரியர், சில நேரம் உறவினர். அந்த ஒரு வார்த்தையில் மூடிப்போகும் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்றை இன்று பார்ப்போம்.

வெல்டிங் பட்டறையில் பிளாஸ்மா

திடம், திரவம், வாயு மூன்றும் எல்லோருக்கும் தெரியும். வாயுவைக் கடுமையாகச் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியேறும். எதிர்மின் எலக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் கலந்து கொதிக்கும் அந்தக் கூட்டத்துக்குப் பிளாஸ்மா என்று பெயர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைப் பக்கம் போனவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். வெல்டிங் ராடின் முனைக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளி பிளாஸ்மாதான். மின்னலும் அதுவே, சூரியனும் அதுவே. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு அணுக்கள் இப்படிப் பிரியும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் எழுதியவர் மேக்நாத் சாகா என்ற இந்தியர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

சூரியனிலிருந்து பிளாஸ்மா எந்நேரமும் வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது. நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதற்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமிக்குள் உருகிய இரும்பு சுழல்வதால் உண்டான காந்தப்புலம், அந்தக் காற்றை நம்மிடமிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்துகிறது. செவ்வாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு காலத்தில் அதற்கும் காந்தப்புலம் இருந்தது. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அணைந்துபோனது. அந்தப் பழைய காந்தம் அங்குள்ள பாறைகளில் மட்டும் உறைந்து கிடக்கிறது. 1997இல் அங்கே போய்ச் சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம்தான் இதைக் கண்டது. செவ்வாயின் தென்பகுதி மேட்டு நிலத்தில் இந்தப் பாறைக் காந்தம் வலுவாக இருக்கிறது.

பாறையில் காந்தம் என்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கஞ்சமலைக் கல்லில் இருப்பது மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது. மலையடி ஓடைகளில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மணலில் உருட்டினால் கறுப்புத் துகள்கள் மீசை போல ஒட்டிக்கொள்ளும். 1830களில் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குப் போனது சேலம் மாவட்டத் தாதுதான். அந்த மலையடியில் வளரும் பிள்ளைக்குச் செவ்வாயின் பாறைக் காந்தத்தை விளக்க வேறு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

பள்ளிபாளையம் பாலத்துத் தூணில் காவிரி வெள்ளம் மோதுவதை நினைத்துப் பாருங்கள். தூணுக்கு முன்னால் தண்ணீர் முட்டிப் புடைக்கும். பிறகு கலங்கிச் சுழன்று இரு பக்கமும் ஒதுங்கிப் போகும். சூரியக் காற்று செவ்வாயில் மோதும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. முட்டிப் புடைக்கும் இடத்துக்கும் கிரகத்துக்கும் நடுவே, வேகம் குறைந்து, சூடேறிக் கலங்கிய பிளாஸ்மா ஒரு உறை போலச் சூழ்ந்திருக்கிறது. அதைக் காந்த உறை என்று சொல்லலாம். தனியலைகளைக் கண்டது அந்தக் கலங்கலில்தான்.

வாய்க்காலில் ஒற்றை மேடு

தண்ணீரில் கல் எறிந்தால் அலைகள் வரிசையாக எழும்பும், பரவும், சற்று நேரத்தில் அடங்கும். 1834இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அருகே, ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் வாய்க்கால் ஒன்றில் வேறு மாதிரியான அலையைப் பார்த்தார். குதிரைகள் இழுத்துவந்த படகு திடீரென்று நின்றது. அதன் முன்பக்கத்திலிருந்து ஒரே ஒரு தண்ணீர் மேடு கிளம்பி வாய்க்காலோடு ஓடியது. முன்னால் பள்ளம் இல்லை, பின்னால் இன்னோர் அலை இல்லை. ரஸ்ஸல் குதிரையில் ஏறி ஒன்றிரண்டு மைல் துரத்திப் போனார். மேடு வெகுதூரம் தன் வடிவம் குலையாமல் ஓடிக்கொண்டிருந்தது. தனியலை என்ற கருத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜேடர்பாளையம் ராஜவாய்க்கால் கரையில் இருப்பவர்கள் அந்தக் காட்சியை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

பிளாஸ்மாவில் தண்ணீர் மேட்டுக்குப் பதிலாக மின்புல மேடு ஓடுகிறது. இது எப்படி உண்டாகிறது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தரையில் விட்டு வளர்க்கும் கறிக்கோழிக் கொட்டகைக்குள் தீவனம் போட ஒருவர் நடந்து போகிறார். முன்னால் உள்ள கோழிகள் விலகுகின்றன, பின்னால் உள்ளவை மீண்டும் கூடிக்கொள்கின்றன. அவரைச் சுற்றி ஒரு வெற்றிடம் அவரோடே நகர்கிறது. பிளாஸ்மாவில் நடப்பவர் யாரும் இல்லை. அந்த வெற்றிடம் தானாகவே நகர்கிறது. எலக்ட்ரான்கள் குறைந்துபோன சிறு பகுதி ஒன்று நேர்மின் பக்கம் சாய்கிறது. அதிலிருந்து மின்புலம் இரு புறமும் வெளிநோக்கி இருக்கும். அது விண்கலத்தைக் கடந்து போகும்போது கருவியின் ஊசி முதலில் ஒரு பக்கம் துள்ளும், உடனே எதிர்ப்பக்கம் துள்ளும், பிறகு அடங்கிவிடும். மேவன் பதிவிலிருந்த துடிப்புகள் பலவும் இப்படி இரட்டைத் துள்ளலாக இருந்தன.

அளவுகளையும் சொல்லிவிடுவோம். மின்புலம் மீட்டருக்கு 1 முதல் 25 மில்லிவோல்ட் வரை. டார்ச் லைட்டில் போடும் பேட்டரி 1,500 மில்லிவோல்ட் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெல்லிய துடிப்பு என்பது விளங்கும். நீடித்த நேரம் 0.2 முதல் 1.7 மில்லிநொடி. ஒவ்வோர் அலையின் நீளமும் 30 முதல் 330 மீட்டர். அதாவது மூன்று பஸ்கள் வரிசையாக நின்றால் ஆகும் நீளத்திலிருந்து முப்பது பஸ்கள் நின்றால் ஆகும் நீளம் வரை. செவ்வாய்க்கு மேலே 1,000 முதல் 3,500 கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் கிரகத்தின் விடியல் பக்கத்திலும் பிற்பகல், அந்திப் பக்கத்திலும் இவை மிகுதியாகத் தெரிந்தன.

இதனால் என்ன? பூமியைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவிலும் இத்தகைய அலைகளை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். பிளாஸ்மாவைச் சூடாக்குவதிலும் துகள்களுக்கு வேகம் கொடுப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. செவ்வாயின் கதையே காற்றைப் பறிகொடுத்த கதை. சூரியக் காற்று அங்கிருந்து நொடிக்குச் சுமார் 100 கிராம் காற்றை அள்ளிக்கொண்டு போகிறது என்று மேவன் அளவீடுகளை வைத்து நாசா 2015இல் அறிவித்தது. 100 கிராம்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் எட்டரை டன்னுக்கு மேல் வருகிறது. நாமக்கல் கணக்கில் சொன்னால் தினமும் ஒரு லாரி லோடு. நூறு கோடிக்கணக்கான ஆண்டுகளாக, ஒரு நாளும் நிற்காமல். ஒரு காலத்தில் ஆறு ஓடிய செவ்வாய் இன்று வறண்ட செம்மண் காடாகக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த இழப்பில் தனியலைகளுக்கு எவ்வளவு பங்கு என்பது இனி ஆராய வேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடப்போகிறவர்கள் இப்போது எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ராக்கெட் இல்லாமல் ஒரு கண்டுபிடிப்பு

இந்தச் செய்தியில் நமக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மேவன் அமெரிக்கக் கலம். நம் மங்கள்யான் செவ்வாயை அடைவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, 2014 செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தது. அது அனுப்பிய பதிவுகளை நாசா பூட்டி வைப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாரதி ககட், அமர் ககட், ஹரிகிருஷ்ணன் அரவிந்தாக்ஷன் ஆகியோர் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து செய்த வேலைக்குத் தேவைப்பட்டவை அந்தப் பதிவும், கணினியும், கணிதமும், பல மாதப் பொறுமையும்தான். பெரிய இயந்திரம் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய கட்டுரை ‘அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ ஆய்விதழில் வெளியானது.

அவர்கள் பணியாற்றும் நிறுவனம் 1841இல் மும்பை கொலாபாவில் தொடங்கிய காந்த ஆய்வகத்தின் வாரிசு. நகரத்தில் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறவிருந்தபோது, அந்த மின்னோட்டம் காந்த அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று அளவிடும் வேலையைக் கடல் தாண்டி அலிபாக்குக்குக் கொண்டுபோனார்கள். அதன் கிளை ஆய்வகம் ஒன்று நம் மாநிலத்திலேயே, திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சேலத்திலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்.

விண்வெளி ஆய்வுக்கும் நம் மாவட்டங்களுக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு. சந்திரயான் கலங்களின் தரையிறங்கிகளைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்திருக்கிறது. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் உதவியோடு அந்தப் பாறையை அரைத்து, டன் கணக்கில் இஸ்ரோவுக்கு அனுப்பினார்கள். நம் ஊர்க் கல் பெங்களூரு வரை போய்விட்டது. கல் உடைக்கும் குடும்பத்துப் பிள்ளை அதே வழியில் போவதற்கு என்ன தடை என்பதுதான் நம் கேள்வி.

தடை என்னவென்று நமக்குத் தெரியும். நாமக்கல் என்றாலே பெரிய விடுதிப் பள்ளிகள் என்று மாநிலமே சொல்கிறது. அவற்றின் கட்டணம் நம் குடும்பங்களுக்கு எட்டாது. நம் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும். நாம் பார்த்த சில பள்ளிகளில் இயற்பியல் ஆய்வகத்தின் பூட்டு செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் திறக்கப்படுகிறது. இளங்கலை முடித்த பையனிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “எப்போது சம்பளம் வரும்?” அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. கோழிப்பண்ணைக் கூலியிலோ லாரி லோடுமேன் வருமானத்திலோ ஓடும் வீடு இன்னும் ஐந்தாறு வருடம் காத்திருக்க முடியுமா? ஆராய்ச்சி மாணவருக்கு மாதாமாதம் பணம் வரும் என்ற தகவலே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் நமக்குக் கோபம்.

தன் தட்டைத் தானே கழுவிய மாணவர்

மேக்நாத் சாகாவுக்கு வருவோம். 1893இல் டாக்கா பக்கத்தில் சேவரத்தலி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. மகன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அருகில் நடுநிலைப் பள்ளி இல்லை. சில மைல் தள்ளி வாழ்ந்த மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் தந்தார். அதற்கு நிபந்தனை இரண்டு: வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு அர்த்தம் என்ன என்பதை இரட்டைக் குவளையைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததால் உதவித்தொகை பறிபோனது, பள்ளியும் மாறவேண்டி வந்தது. பிறகு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஈடன் இந்து விடுதியில் தங்கியபோது, அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட உயர்சாதி மாணவர்கள் சிலர் மறுத்தார்கள். விடுதியின் சரஸ்வதி பூசையிலும் அவரை ஒதுக்கினார்கள். கல்விக்கு என்று அவர்களே வைத்திருக்கும் தெய்வத்தின் பூசையில்! சில ஆண்டுகள் கழித்து, நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்கும் சாவியாக உலகமே எடுத்துக்கொண்ட சமன்பாட்டை அந்த மாணவர்தான் எழுதினார். 1927இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1952இல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாகா பிறந்த சாதி மேற்கு வங்கப் பட்டியலினத்தில் இல்லை. அவரைத் தலித் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. தீண்டாமையின் ஒரு முனை அவர் மீது பட்டது. அதன் முழு எடை விழுந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இன்னொரு தகவல்: தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்காக முதலில் வாதாடியவர்களில் சாகா ஒருவர். அந்தத் திட்டத்தை அரசுக்குள்ளிருந்து நகர்த்தியவர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர். சட்டமேதை என்று மட்டும் சொல்லிச் சொல்லி, அணையும் மின்சாரமும் பேசிய அம்பேத்கரை நாம் பாதி மறந்துவிட்டோம்.

வழி இருக்கிறது

இனி மாணவர்களுக்கு நேராக. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் உள்ள பிரிவை எடுங்கள். அடுத்து இளங்கலை இயற்பியல். சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது; கட்டணமும் பெரிதல்ல. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை.

இளங்கலை மூன்றாம் ஆண்டில் ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வை எழுதலாம். அதில் தேறினால் ஐஐடிகளில் முதுகலை இயற்பியல் படிக்கலாம். எழுதாவிட்டாலும் குடி முழுகிவிடாது. பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு ‘நெட்’ எழுதலாம். அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்ததும் மாதம் 37,000 ரூபாயும், தங்குமிடம் இல்லையென்றால் வீட்டு வாடகைப் படியும் தருகிறார்கள். 2023 முதல் இதுதான் விகிதம். வயது வரம்பில் பட்டியலினத்தவருக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. பட்டியலின மாணவர்களுக்கென்றே தனியாகத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. “எப்போது சம்பளம் வரும்” என்று வீட்டில் கேட்டால், இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

நம் வட்டாரத்தில் மிகுதியாக உள்ள அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009 முதல் மாநிலக் கல்லூரிகளில் உள்ள 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு மத்திய நிறுவனங்களில் இல்லை. அங்கே பட்டியலினத்தவர் அனைவருக்கும் சேர்த்து 15 விழுக்காடுதான். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகும் அங்கே நிலைமை மாறவில்லை. அதனால் போட்டி கடுமைதான். அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சான்றிதழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்திய நிறுவனங்கள் சாதிச் சான்றிதழைத் தங்கள் படிவத்தில் கேட்கும். இ-சேவையில் எடுத்த மாநிலச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி நாளில் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டாம். ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும்; விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரை ஒட்டியே தொடங்கிவிடும். இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையிலேயே அந்தப் படிவத்தை அச்சிட்டு, வட்டாட்சியரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.